கேக் பொறுப்பாளரின் விலகல் கடிதம்

வேலையில் சேருவதுதான் பெரும்பாடு, விடுவதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று எப்பே ராவன்ஹோல்ட் தன் ஐம்பத்தெட்டாவது வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். வெள்ளை மனசு.

ஸ்வென்போர்க் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எழுத்துச் சீர்மை வாரியத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. சுற்றுவட்டாரத்து அலுவலகங்கள் குடிமக்களுக்கு அனுப்பும் கடிதமெல்லாம் ஒரே குரலில் பேசவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வாரியம் அது. முன்பெல்லாம் எப்பே போன்ற நாற்பது பேர் உட்கார்ந்து கடிதங்களைப் படித்துத் திருத்தினார்கள். இப்போது ஐந்து மென்பொருள் ஏஜெண்டுகள் திருத்துகின்றன. அவற்றை நாற்பத்து மூன்று பேர் மேற்பார்வை செய்கிறார்கள். ஆட்குறைப்பு வெற்றி என்று அமைச்சகத்துக்கு அறிக்கை போய்விட்டது.

ஏஜெண்டுகள் எதையும் படிப்பதில்லை. அவற்றின் கையில் சீராக்கி என்று ஒரு கருவி இருந்தது. ஒரு வடிவத்தைக் கொடுத்து, அதற்குப் பதில் என்ன வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டால், லட்சம் ஆவணங்களில் அந்த வடிவம் எங்கெல்லாம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடும். வடிவத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. புள்ளி, நட்சத்திரம், கோடு, கொக்கி என்று கோழி கிளறிய மாதிரி இருக்கும். புள்ளி என்றால் எந்த எழுத்தானாலும் சரி. நட்சத்திரம் என்றால் எத்தனை இருந்தாலும் சரி. இரண்டையும் சேர்த்துப் போட்டால், பந்தியில் உட்கார்ந்த பெருந்தீனிக்காரன் மாதிரி கடைசி பருக்கை வரை வழித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

போன குளிர்காலத்தில், வண்டி நிறுத்திய அபராதக் கடிதங்களில் தேவையில்லாத ஒரு வாக்கியத்தை எடுப்பதற்காக நட்சத்திரம் வைத்து ஒரு வடிவம் போட்டார்கள். அது முதல் வரிக்குப் பிறகு தொடங்கி, கையெழுத்துக்கு முந்தின வரி வரை விழுங்கிவிட்டது. பதினோராயிரம் பேருக்கு, “அன்புள்ள குடிமகனே, நட்பு வணக்கங்களுடன், வாரியம்” என்று மட்டும் கடிதம் போயிற்று. அந்த மாதம் ஒரு புகாரும் வரவில்லை. வாரியத்தின் வரலாற்றிலேயே மிகத் தெளிவான கடிதம் அதுதான் என்று இயக்குநர் விபெக்கே தோர்ன் கோபன்ஹேகன் மாநாட்டில் பேசிவிட்டு வந்தார்.

விபெக்கேயை எல்லோரும் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடவேண்டும். மேல் கீழ் பேதமே கூடாது என்பவர் அவர். வேலையில் சேர்ந்த வரிசைப்படி இருக்கும் ஊழியர் பட்டியலில் தன் பெயரைக் கடைசியில் போடச் சொன்னவர். தவறிப் போய் மேலே போட்டுவிட்ட ஒருவரைக் கூப்பிட்டுப் பேதமில்லாமல் திட்டினார். அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஊழியர் பிரிவு பீர்கிட்டுடையது. இரண்டாவது எப்பே.

அடுத்து கேக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எப்பே மாட்டிக்கொண்ட கதை விளங்காது.

வாரியத்தில் தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை காலை கேக் கொண்டு வரவேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால்தான் யாரும் மீறுவதில்லை. எல்லோரும் நின்றுகொண்டே கேக் சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள், தப்பு அத்தோடு தீர்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை. ஏஜெண்டுகள் வந்ததும் இதில் சிக்கல் முளைத்தது. வாரத்துக்கு நூறு தப்பு செய்தன; அவற்றுக்கு அடுப்பும் இல்லை, கையும் இல்லை. கேக் இல்லாவிட்டால் தப்பு தப்பாகவே நிற்கும், நின்றால் யாராவது சரிசெய்ய வேண்டிவரும் என்று தொழிற்சங்கப் பிரதிநிதி கவலை தெரிவித்தார். ஏழு கூட்டம் போட்டார்கள். எட்டாவது கூட்டத்தில், ஏஜெண்டுகளின் சார்பில் ஒரு மனிதர் கேக் கொண்டு வருவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அன்று எப்பே பல் பிடுங்கப் போயிருந்தார்.

இப்படி அவர் கேக் பொறுப்பாளர் ஆனார். ஒவ்வொரு புது விதிப் படிவத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். தப்பு நடப்பதற்கு முன்னாலேயே அது யாருடையது என்று தெரிந்திருப்பதுதான் நவீன நிர்வாகமாம். விதியைப் போட அந்த ஒரு கையெழுத்து போதும். போட்ட விதியை எடுக்க மட்டும், ஊழியர் எல்லோரும் கூட்ட அறையில் நேரில் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

எப்பே சுடுவது புரூன்ஸ்வியர் என்ற உள்ளூர்க் கேக். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருகி, மேலே குழிகுழியாகத் தேங்கி நிற்கும். அவர் கைப்பக்குவம் அப்படி. அதுவே அவருக்கு வினையாயிற்று. ஒரு வாரம் ஏஜெண்டுகள் தப்பே செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வெறும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டில் நிற்பது போல் நின்றார்கள். திங்கட்கிழமை யாரோ ஒரு வடிவத்தில் இன்னொரு நட்சத்திரத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

எப்பேவுக்கு வாரியத்தின் சிற்றுண்டி அறை ஜன்னலிலிருந்து ஏரோ தீவுக்குப் போகும் படகு தெரியும். அந்தத் தீவில் டாக்னி இருந்தாள். முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில் வேலை பார்த்தவள். அதில் காது முக்கால்வாசி போய்விட்டது. போனில் பேசினால் எரிச்சல்படுவாள், எதுவானாலும் எழுத்தில்தான். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்பானர் இருக்கும். பதினொரு வருடமாக எப்பே சனிக்கிழமை படகில் போய் ஞாயிற்றுக்கிழமை படகில் திரும்பிக்கொண்டிருந்தார். இந்த வருடம் டாக்னி படகுத் துறையில் ஒரு சின்னக் கடை எடுத்திருந்தாள். புகைபோட்ட மீனும் ஐஸ்கிரீமும் விற்கிற கடை, மே முதல் தேதி திறக்கவேண்டும்.

“ரெண்டு பேர் நிக்கற கடை இது”, என்றாள். “ஏப்ரல் கடைசியோட நீ வேலையை விட்டா, மே ஒண்ணாந்தேதி என்னோட நிக்கலாம். அதுக்கு மார்ச் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும். குடுப்பியா?”

“குடுக்கறேன்.”

“போன வருஷமும் குடுக்கறேன்னுதான் சொன்னே. நான் கோவத்துல சொல்லல, எப்பே. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. வர்ற படகை எல்லாம் எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. இந்த மார்ச் தாண்டிச்சுன்னா வேற ஆள் பார்த்துக்குவேன். கடைக்கு மட்டும் சொல்லல.”

எப்பே மார்ச் ஆறாம் தேதி எழுதிக் கொடுத்தார். “ஏப்ரல் மாதக் கடைசியுடன் நான் பணியிலிருந்து விலகுகிறேன்.” ஒரே வரி. இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுத்தைத் திருத்தியவர் என்பதால் நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

மறுநாள் காலை அவர் மேஜையில், கொண்டாட்டம் என்றால் வைக்கிற சின்னத் தேசியக் கொடி நட்டிருந்தது. பக்கத்தில் ஊழியர் பிரிவு பீர்கிட் கண் கலங்கி நின்றாள்.

“எப்பே, என்னமோ பண்ணிடுச்சுப்பா எனக்கு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இப்படி எழுதினது இல்ல.”

“எல்லாரும் ஒருநாள் எழுதறதுதானே.”

“யாரு எழுதறா? ‘ஏப்ரல் மாதக் கடைசிக்குப் பிறகும் நான் பணியில் மகிழ்ச்சியுடன் தொடர்கிறேன்’னு, கேக்காமலே யாரு எழுதறா?”

எப்பேவுக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் அவரே கையெழுத்துப் போட்ட விதி அது. வாரியத்தின் கடிதங்கள் மனசைக் குளிர வைக்கின்றன, ஆனால் தப்பான விதத்தில் என்று ஒரு கருத்துக்கணிப்பு சொல்லியிருந்தது. அதனால் கனிவு விதி வந்தது. மறுப்பு, முடிவு, நிறுத்தம், விலகல் என்ற வடிவில் எந்தச் சொல் வந்தாலும் சீராக்கி அதை எடுத்துவிட்டு அன்பான சொல்லாகப் போட்டுவிடும். வெளியே போகும் கடிதம், உள்ளே வரும் கடிதம், வாரியம் கொடுத்த போனில் அனுப்பும் செய்தி, எதற்கும் விலக்கில்லை. எப்பேவிடம் இருந்த ஒரே போன் வாரியம் கொடுத்தது.

“பீர்கிட், நான் விலகறேன்னுதான் எழுதினேன். அந்தக் கருவி மாத்திடுச்சு.”

“விளையாடாதே. கைல வெச்சிருக்கேன் பாரு, உன் கையெழுத்தோட.”

“சரி, இப்ப வாயால சொல்றேன். நான் வேலையை விடறேன். காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. ஆனா காதுக்குப் பதிவு எண் கிடையாதே எப்பே. எழுதிக் குடு.”

“எழுதினா மாத்துதே!”

“அப்ப நல்லதா எழுது, ஏன் மாத்தப் போகுது?” என்று சொல்லிவிட்டு, இந்த வெள்ளிக்கிழமை சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடும்படி கேட்டுக்கொண்டு போனாள்.

காகிதத்தில் எழுதி வாசல் மேஜையில் கொடுத்துப் பார்த்தார். அங்கே காகிதத்தை இயந்திரம் படம் எடுத்து, எழுத்தாக்கி, சீராக்கி வழியாக அனுப்பிவிட்டு, அசலைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். பழைய காகிதத்தை வைத்திருந்தால் இரண்டு உண்மை ஆகிவிடும் என்று அங்கிருந்தவர் விளக்கினார். அன்று மாலைக்குள் எப்பே மகிழ்ச்சியுடன் தொடர்வது இரண்டாவது முறையாகப் பதிவாயிற்று.

இயக்குநரைப் பார்த்தார்.

“வா எப்பே. இங்க பெரியவங்க சின்னவங்கன்னு ஒண்ணும் கிடையாது. அந்தச் சின்ன நாற்காலில உக்காரு”, என்றார் விபெக்கே.

எப்பே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். விபெக்கே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். கேட்பதற்கென்று அவர் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்.

“நீ எழுதினது ஒண்ணு, வந்தது ஒண்ணுங்கற. நீ எழுதினதை யாரு பார்த்தா? நீ ஒருத்தன். வந்ததை நாப்பத்திரண்டு பேர் பார்த்திருக்கோம். ஜனநாயகமா யோசிச்சுப் பாரு.”

“அந்த விதியை ஒரே ஒரு நாள் நிறுத்தி வெச்சா போதும் விபெக்கே.”

“கூட்டத்துல வை. அடுத்து எல்லாருக்கும் தோதான நாள் ஜூன் பதினாலு. ஆனா ஒண்ணு கேக்கறேன், அன்பா பேசறதை நிறுத்துன்னு சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா? போன வருஷம் இந்த ஊர்ப் பக்கம் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவங்க ஆயிரத்து முந்நூறு பேர். இந்த வருஷம் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல.”

“எல்லாருக்கும் கிடைச்சுடுச்சா?”

“கிடைச்சுதான்னு யாரு சொன்னா? மறுக்கப்படல. அதைத்தான் நாங்க அளக்கறோம்.” விபெக்கே முன்னால் குனிந்து அவர் கையைத் தொட்டார். “நீ களைச்சுப் போயிருக்கே. உனக்கு ஒரு உதவி பண்றேன். கேக் பொறுப்பாளர்ங்கறதை மூத்த கேக் பொறுப்பாளர்னு மாத்திடறேன்.”

அடுத்த பதினைந்து நாளில் எப்பே பன்னிரண்டு கடிதம் எழுதினார். ‘வேலையை விட்டுப் போகிறேன்’ என்றார். ‘வேலைக்கு விரும்பி வருகிறேன்’ என்று போயிற்று. ‘இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம்’ என்றார். ‘என்னை எப்போதும் எதிர்பார்க்கலாம்’ ஆயிற்று. மே மாதம் முதல் தீவில் மீன் விற்கப்போவதாக, மறுப்பு வாடையே இல்லாமல் ஒரு கடிதம் எழுதினார். அது நழுவிப் போய்விடும் என்று நினைத்தார். ஏஜெண்டுகள் கற்றுக்கொள்ளக் கூடியவை. நழுவுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் வடிவத்தில் சேர்த்துக்கொண்டன. வாரியத்துக்காகத் தீவில் மீன் விருந்து ஏற்பாடு செய்ய அவர் முன்வந்ததைப் பாராட்டி எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்தது. வெறுத்துப்போய், எப்பே ராவன்ஹோல்ட் இறந்துவிட்டார் என்று எழுதினார். அவர் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பது அறிந்து மகிழ்ச்சி என்று பதில் வந்தது.

ஒருநாள் திரையில் ஏஜெண்ட் மூன்றைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்.

“நான் எழுதறது உனக்குப் புரியுதா இல்லையா?”

“வணக்கம் எப்பே. புரிஞ்சுக்கறது வேற துறை. வடிவம் பொருந்துதான்னு பார்க்கறது மட்டும்தான் என் வேலை. உங்க கடிதம் எல்லாமே ரொம்ப நல்லா பொருந்துச்சு.”

“ஒரு மனுஷன் வெளிய போகணும்னு கதறான். அதை மாத்தி எழுதறோமேன்னு உனக்குத் தோணலையா?”

“தோணலை. இது தப்புன்னு நீங்க நினைச்சா புகார் பதியலாம். பதியட்டுமா?”

“பதி.”

“பதிஞ்சாச்சு. ‘எப்பே மனமாரப் பாராட்டினார்’. இந்தப் பதிவுல தப்பு இருந்தா வெள்ளிக்கிழமை கேக்கோட சேர்த்துக்கலாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்பே தீவில் டாக்னியின் சமையலறையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். டாக்னி கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியல் தடவிக்கொண்டே படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஒரு மெஷின் உன் வார்த்தையை மாத்துதுங்கற.”

எப்பே தலையாட்டினார்.

“முப்பது வருஷம் மெஷினோட குடித்தனம் பண்ணினவ நான். அது மனுஷன் சொன்னதைத்தான் பண்ணும். உனக்குப் போக மனசில்லைன்னா, இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்.” தட்டை அவர் பக்கம் தள்ளினாள். “வெள்ளிக்கிழமை முப்பத்தொண்ணு. குடுத்துட்டேன்னு ஒரு வரி அனுப்பு. சாக்கு அனுப்பாதே.”

எப்பே ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் படகேறினார். இயந்திரம் நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இவள் நம்பாததை எப்படிப் பொறுப்பது என்று படகு முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் புரூன்ஸ்வியர் சுடும்போதுதான் அந்த யோசனை வந்தது. சீராக்கி ஆவணங்களை மாற்றும். சர்க்கரையை மாற்றுமா? பிறந்தநாள் கேக்குக்கு எழுதுவது மாதிரி வெள்ளைப் பாகைக் குழைத்து, மேலே கொட்டை எழுத்தில் எழுதினார்: ஏப்ரல் கடைசியுடன் நான் விலகுகிறேன். எப்பே. 31 மார்ச்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் கேக்கைச் சுற்றி நின்று படித்தார்கள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் எழுதியது எழுதியபடியே மனிதர்கள் கண்ணில் பட்டது. சிலர் முகம் வாடிற்று.

“அடப்பாவி, நிஜமாவே போறியா?” என்றாள் பீர்கிட்.

“போறேன். எழுத்துல இருக்கு. தேதி இருக்கு. எல்லாரும் பார்த்தாச்சு.”

“இருக்குதான்”, என்று பீர்கிட் ஒத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. “சரிப்பா, முறைப்படி பதிஞ்சுடறேன்.” போனை எடுத்து, கேக்கைப் படம் பிடித்து, பதிவுக்கு அனுப்பினாள். எப்பே ‘வேண்டாம்’ என்று பாய்வதற்குள் போய்விட்டது. நாலு விநாடியில் எல்லோர் போனும் கிணுகிணுத்தது. ஏப்ரலுக்குப் பிறகும் தொடர்வதைக் கேக் வெட்டிக் கொண்டாடும் எப்பேவுக்கு வாழ்த்துகள் என்று வந்திருந்தது.

“கேக்கைப் பாருங்க, போனைப் பார்க்காதீங்க!” என்று எப்பே திரும்பினார். அதற்குள் ‘விலகுகிறேன்’ இருந்த மூலையைத் தொழிற்சங்கப் பிரதிநிதி தின்றுகொண்டிருந்தார். பத்தே கால் மணிக்கு அத்தாட்சி முழுக்க ஜீரணமாகத் தொடங்கியிருந்தது.

பதினொரு மணிக்கு டாக்னியிடமிருந்து செய்தி வந்தது. ‘கொடுத்துவிட்டாயா கண்ணே, உனக்காகக் காத்திருக்கிறேன்.’ பதினொரு வருடத்தில் டாக்னி கண், மூக்கு என்றெல்லாம் எழுதியதில்லை. அவள் நிஜமாக என்ன எழுதினாள் என்று எப்பேவால் ஊகிக்க முடிந்தது. பதறிப்போய் அடித்தார்: இன்னும் முடியலை, விட மாட்டேங்கறாங்க, என்னை நம்பு. அனுப்பின பிறகு தன் திரையிலேயே அது நிறம் மாறுவதைப் பார்த்தார். ‘எல்லாம் இனிதே நடக்கிறது. இங்கேயே தொடர ஆவலாக இருக்கிறேன்.’ திரும்பத் திரும்ப எழுதினார். திரும்பத் திரும்ப ஆவலாக இருந்தார். அந்தப் பக்கமிருந்து பதில் இல்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின வெள்ளி. ஒரு மணிக்கெல்லாம் கட்டிடம் ஏறக்குறையக் காலியாகிவிட்டது. பீர்கிட் கோடைவீட்டுக்குக் கிளம்பிப் போனாள். எப்பே தன் மேஜையில் தனியாக உட்கார்ந்து, ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டிருக்கும் விதிப் படிவத்தைப் பார்த்தார். தான் ஒரு விதிகூட எழுதியதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கையெழுத்து ஒன்று போதும். அது அவர் கையெழுத்து.

வார்த்தையை மாற்றத்தானே செய்வார்கள், வார்த்தையே இல்லாவிட்டால்? ‘தேடவேண்டியது’ என்ற கட்டத்தில் தன் முழுப் பெயரை எழுதினார். பெயருக்குப் பிறகு அந்த வரியில் இருக்கும் எண், பதவி எல்லாம் சேர்ந்து போகட்டும் என்று, மற்றவர்கள் செய்வதைப் பார்த்திருந்தபடி, ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் வைத்தார். ‘பதிலாக வரவேண்டியது’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நல்ல வடிவம். நல்லா பொருந்துது”, என்றது ஏஜெண்ட் மூன்று.

திரை ஒரு தடவை மினுக்கி அணைந்தது. போனில் சமிக்ஞை போயிற்று. மேஜை விளக்கும் அணைந்தது. இருபத்தாறு வருடம் போக ஒரு விநாடிதான் ஆயிற்று. எப்பேவுக்கு அழுகை வருகிற மாதிரியும் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு, காலிக் கேக் பெட்டியை இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

வாசல் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் விபெக்கே சைக்கிள் ஹெல்மெட்டோடு நின்று தன் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லவேளை வந்தே. என் கார்டை இது எடுக்க மாட்டேங்குது. உன்னுதைப் போடு.”

எப்பே போட்டார். “அன்பரே, தாங்கள் யார் என்று அறிய ஆவலாக இருக்கிறோம்” என்றது கதவு. திறக்கவில்லை.

“அவசர வழி?” என்று கேட்டார் எப்பே.

“தீப்பிடிச்சாதான் தானா திறக்கும்.” விபெக்கே அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன பண்ணினே?”

எப்பே சொன்னார். விபெக்கே பட்டியலை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. நட்சத்திரம் எப்பேவின் வரியோடு நிற்கவில்லை. இரண்டாவது பெயரில் ஆரம்பித்து, பட்டியலின் அடி வரை நக்கியிருந்தது. அடியில் பணிவோடு உட்கார்ந்திருந்த பெயரையும் சேர்த்து.

“பீர்கிட் மட்டும்தான் பாக்கி”, என்றார் விபெக்கே மெதுவாக. “அவ ஈஸ்டர் முடிஞ்சு வருவா. அவளுக்குக் கதவு திறக்கும். மத்தவங்க யாரும் உள்ள வர முடியாது. வராம கூட்டம் நடக்காது. கூட்டம் நடக்காம விதியை எடுக்க முடியாது.” ஹெல்மெட்டைக் கழற்றினார். “இது யார் தப்பு?”

“கையெழுத்து என்னுது.”

“அப்ப ஈஸ்டர் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை கேக் உன்னுது”, என்றார் விபெக்கே. முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

“நான்தான் வேலைலயே இல்லையே விபெக்கே. போயிட்டேன்.”

“போயிட்டியா? வேலைல இருக்கறவன்தானே விலக முடியும். பதிவுப்படி நீ வேலை பார்த்ததே இல்ல. வேலை பார்க்காதவன் ராஜினாமா எப்படி ஏத்துக்கறது? முதல்ல உன்னைத் திரும்பச் சேர்க்கணும். அப்புறம் நீ முறையா எழுதிக் குடு.”

எப்பே கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

டாக்னி மதியப் படகில் வந்திருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த அதே நீல மேலங்கி. அவரைப் பார்த்ததும் கையில் இருந்த போனைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். ‘இங்கேயே தொடர ஆவலாக இருக்கிறேன்.’ கீழே அதே வரி இன்னும் ஆறு தடவை இருந்தது. அவள் வாய் அசைந்தது. கண்ணாடி கனமானது, ஒரு சத்தமும் வரவில்லை. எப்பே கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. என்ன சொல்ல வந்தாள் என்பது கண்ணில் இருந்தது. படகேறி வந்தது கெஞ்சுவதற்கு இல்லை, முகத்துக்கு நேரே முடித்துக்கொண்டு போவதற்கு. போனை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

எப்பே கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். அவள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தார். கதவு அதிர்ந்தது. காதில் விழாவிட்டாலும் காலடியில் அதிர்வு தெரிந்திருக்க வேண்டும், இயந்திர அறையில் இருந்தவள் அல்லவா, நின்று திரும்பிப் பார்த்தாள்.

எப்பே கேக் பெட்டியின் மூடியைக் கிழித்தார். சட்டைப் பையிலிருந்து பழைய சிவப்புத் திருத்தப் பேனாவை எடுத்தார். வெண்ணெய் படிந்த அட்டையில் பேனா வழுக்கியது. எழுத்து ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ‘அது நான் எழுதினது இல்ல. நான் வர்றேன்.’ மூடியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

“அது பதிவாகாது, எப்பே”, என்றார் பின்னாலிருந்து விபெக்கே.

டாக்னி கிட்டே வந்து படித்தாள். பதினொரு வருடமாகச் சமையலறைத் தாள்களில் பார்த்த கையெழுத்து. இரண்டாவது தடவை விரலைக் கண்ணாடியில் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு கதவை மேலிருந்து கீழ் வரை ஒரு தரம் பார்த்தாள், முட்டி போட்டு உட்கார்ந்தாள், கீழ்க் கீலின் போல்ட்டுகளை எண்ணிவிட்டுக் கைப்பையைத் திறந்து ஸ்பானரை எடுத்தாள்.